சொரசொரப்பான செரிஃப் எழுத்துருவும் தமிழ்ப் புள்ளியும்: பழைய தோற்றத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குச் செல்பவர்கள் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடக்கும்போது, அங்குள்ள கல்லில் பழைய கல்வெட்டு வரிகளும் இரட்டைக் கயலும் செதுக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்த்தால் ஒரு சங்கடம் புலப்படும். எந்தப் பள்ளம் உளி போட்டது, எது மழையும் உப்புக்காற்றும் போட்டது என்று சட்டெனச் சொல்ல முடியாது. வாசிக்க முயல்பவர் ஒவ்வொரு குழியின் முன்னும் இது எழுத்தா, தேய்மானமா என்று தயங்க வேண்டியிருக்கும்.

பழைய அச்சைப் போலத் தோன்றும்படி சொரசொரப்பு ஏற்றப்பட்ட செரிஃப் எழுத்துருக்களைத் தமிழோடு சேர்த்துப் பயன்படுத்துகிறவருக்கும் இதே சங்கடம்தான் வருகிறது. ஆங்கில எழுத்தில் அந்தத் தேய்மானம் பெரும்பாலும் அலங்காரமாகவே நின்றுவிடும். தமிழில் ஒரு புள்ளி விழுந்தாலோ எழுந்தாலோ சொல்லே மாறிவிடும். திருகோணமலையில் விடுதிப் பலகை, தயிர்ச் சட்டி லேபல், திருமண அழைப்பிதழ், தேநீர்க்கடை விலைப்பட்டியல் போன்றவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்து கொடுப்பவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதற்படி: எழுத்தின் இயல்பை அறிதல்

செரிஃப் என்பது எழுத்துக் கோட்டின் முனையில் நிற்கும் சிறு பாதம். உரோமில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டில் அந்தப் பாதத்தை அதன் சிறந்த வடிவில் காணலாம். அச்சுக்கு வந்தபின், வெனிசில் 1470இல் நிக்கலாஸ் ஜென்சன் பயன்படுத்திய உரோம எழுத்தும், 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் கேஸ்லன் வெட்டிய எழுத்தும் பழைய பாணி என்று நாம் இன்று சொல்வதற்கு அடித்தளமாயின. இவற்றில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு மிதமாக இருக்கும். பாதம் தண்டோடு வளைவாக இணைந்திருக்கும். வட்ட எழுத்துகளின் அச்சு சற்றே சாய்ந்திருக்கும். பின்னாளில் வந்த பொதோனி வகை எழுத்துகளில் மெல்லிய கோடு மயிரிழையாகிவிடுவதால், அதன்மேல் சொரசொரப்பை ஏற்றினால் முதலில் அறுந்துபோவது அந்தக் கோடுதான். பழைய தோற்ற எழுத்துருக்களில் பெரும்பாலானவை கேஸ்லன் பக்கம் சாய்ந்திருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டுமன்றி இந்தத் தாங்குதிறனும் காரணம் என்பது என் எண்ணம்.

சொரசொரப்பு இரண்டு வகைப்படும். ஈய எழுத்தை ஈரமான கைத்தாளில் அழுத்தும்போது மை எழுத்தின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும், மூலைகள் மழுங்கும், உள் இடைவெளிகள் குறுகும். இதை வீங்கிய வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் உழைத்த எழுத்தில் தேய்வு இருக்கும். மர எழுத்தில் மரத்தின் இழை தெரியும். மை போதாத இடத்தில் வெள்ளை விழும். இது தேய்ந்த வகை. இன்று பழைமை என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் தேய்ந்த வகையே மிகுதி. உண்மையான பழைய நூல்களைப் புரட்டினாலோ வீக்கமே மிகுதியாகத் தெரியும்.

வீங்கிய வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஐ.எம். ஃபெல் எழுத்துருக்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் ஜோன் ஃபெல் தேடிச் சேர்த்துப் பல்கலைக்கழக அச்சகத்துக்கு விட்டுச் சென்ற எழுத்துகளை, இத்தாலியரான இஜினோ மரினி அவற்றின் கோணல்களையும் பிதுங்கல்களையும் விட்டுவிடாமல் கணினி எழுத்துருவாக்கினார். பெயரின் முன்னிருக்கும் இரண்டு எழுத்துகள் அவருடையவை. தேய்ந்த வகைக்கு கேஸ்லன் ஆன்டீக். அது கேஸ்லன் வெட்டியதே அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகாகோ வார்ப்பகம் ஒன்று 'பதினைந்தாம் நூற்றாண்டு' என்ற பெயரில், புதிதாகவே செய்து பழையதாகக் காட்டி விற்ற எழுத்து அது. போலிப் பழைமைக்கே நூறு வயது தாண்டிவிட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: வேலைக்கு அது பொருந்துமா என்று கேட்டல்

எழுத்துருவைத் தேடுவதற்கு முன் பொருளைப் பாருங்கள். மண்சட்டி, பனையோலைப் பெட்டி, சாக்குத்துணிப் பை, மரப்பலகை, முத்திரையிட்ட காகித உறை ஆகியவற்றின் மேல் இவ்வகை எழுத்து இயல்பாக உட்காரும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள சிறு விடுதிகளின் பெயர்ப்பலகை, கருவாட்டுப் பொதி, மிளகாய்த்தூள் உறை, உணவகப் பட்டியலின் தலைப்பு ஆகியவையும் பொருந்தும். மருந்தக அறிவித்தல், பேருந்து நேர அட்டவணை, பொதியின் பின்பக்கத்தில் வரும் சேர்மானங்களும் காலாவதித் திகதியும் ஆகியவற்றுக்கு அறவே வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு கேள்வியும் உண்டு. துறைமுகப் பக்கத்துத் தகரப் பலகைகள் சில ஆண்டுகளிலேயே தாமாகத் துருவேறிச் சொரசொரப்பாகிவிடுகின்றன. வெளியில் கடற்காற்றில் தொங்கப்போகும் பலகைக்குக் கணினியிலும் தேய்வை ஏற்றிக் கொடுத்தால் இரட்டைத் தேய்வு ஆகும். அத்தகைய பலகைக்குச் சுத்தமான பழைய பாணி எழுத்தையே கொடுத்துவிட்டு மிகுதியைக் கடலிடம் விட்டுவிடுவது என் வழக்கம்.

தொலைபேசி எண்ணைத் தனியே கவனியுங்கள். பழைய பாணி எழுத்துருக்களின் எண்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. 3, 4, 5, 7, 9 ஆகியவை கோட்டுக்குக் கீழே இறங்கும். 6, 8 மேலே ஏறும். சிலவற்றில் 1 என்ற எண் ஆங்கில ஐ எழுத்தின் சிறிய வடிவமாகவே இருக்கும். ஆண்டைக் குறிக்க இவை அழகு. விடுதியை அழைக்க விரும்புகிறவருக்கு இடைஞ்சல். எண்ணுக்குத் தெளிவான வேறொரு எழுத்துருவைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: தமிழ் இணையைத் தேர்தல்

ஆங்கிலத்துக்கு நூற்றுக்கணக்கில் கிடைக்கும் சொரசொரப்பு எழுத்துருக்களுக்கு இணையாகத் தமிழில் மிகச் சிலவே கிடைக்கின்றன. ஆகவே சுத்தமான தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து நாமே பதப்படுத்த வேண்டும். தமிழ் எழுத்துக்கு உரோம எழுத்தின் பாதம் கிடையாது. அதைத் தேடவும் வேண்டாம். ஒத்துப்போக வேண்டியது கோட்டின் தடிப்பு வேறுபாடுதான். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் தடிப்பும் மெலிவும் பழைய ஈய எழுத்தை நினைவூட்டும்படி அமைந்திருக்கின்றன. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல தடிப்புகளிலும் அது கிடைக்கிறது. ஃபெல் போன்ற எழுத்தோடு சேர்க்கும்போது நடுத்தரத்துக்கு ஒரு படி கூடிய தடிப்பை எடுத்தால், பதப்படுத்தும்போது மெல்லிய கோடு அறாது.

அளவைப் புள்ளிக்கணக்கில் ஒப்பிடாதீர்கள், கண்ணால் ஒப்பிடுங்கள். தமிழ் எழுத்தின் உடல், ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்துக்கும் பெரிய எழுத்தின் உயரத்துக்கும் நடுவே வரும்படி வைத்தால் இரண்டும் ஒரே குரலில் பேசும். தமிழ் வரிகளுக்கு மேலே ஈகாரச் சுழிக்கும் கீழே உகரக் காலுக்கும் இடம் வேண்டும் என்பதால், வரி இடைவெளியை எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குப் பக்கமாக வையுங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட வாசகத்தை வாடிக்கையாளர் தந்தால் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், எழுத்துருவை மாற்றியவுடன் வாசகம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யூனிகோடுக்கு வந்தபின்னும் ஃபோட்டோஷாப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற தெரிவை இயக்காவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கக் கூடும்.

சோதனைச் சொல்லுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ஊரின் பெயரையே 'திருக்கோணமலை' என்று ககர ஒற்றோடு எழுதிப் பாருங்கள். இகரத்தின் வளைவு, ருகரத்தின் வால், புள்ளி, இருபுறமும் கொம்பும் காலும் சூழ்ந்த ஓகாரம், மூன்று சுழி ணகரம், முன்னால் நிற்கும் ஐகாரம் என்று தொல்லை தரக்கூடிய உறுப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரே சொல்லில் கிடைத்துவிடும். இந்தச் சொல் சிறிய அளவில் தாக்குப்பிடித்தால் அந்த எழுத்துரு மற்றச் சொற்களையும் அநேகமாகத் தாங்கும்.

நான்காம் படி: தமிழ் எழுத்தைப் பதப்படுத்தல்

இந்தப் படியில் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிருக்கு லேபல் செய்து கொடுத்தேன். மண்ணிறத் தாள், தேய்ந்த வகை ஆங்கில எழுத்து, அதே தேய்வைப் படமாக மேலே பரப்பி மறைத்த தமிழ் எழுத்து. திரையில் அபாரமாக இருந்தது. 500 லேபல் அச்சாகி வந்தபின், சட்டிகளுக்குச் சொந்தக்காரரான ஐயா ஒன்றைக் கையில் எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில 'தயிர' எண்டெல்லோ கிடக்கு, எங்க புள்ளி?" என்றார். ரகரத்தின் மேலிருந்த புள்ளி, தேய்வுப் படத்தின் ஒரு வெள்ளைத் திட்டில் முழுதாக விழுங்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்து யிகரத்தின் தலையருகே ஒரு கறுப்புத் துகள் புள்ளியைப் போலவே நின்றது. ஐயா திட்டவில்லை. கறுப்புப் பேனை ஒன்றை என்னிடம் நீட்டினார். அன்று மாலைவரை இருந்து 500 புள்ளிகளையும் கையால் வைத்தேன்.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே விதிக்கிறது. ஆயினும் ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்; வாசித்தவர் இடம் நோக்கிப் புரிந்துகொண்டார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களோடு அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொட்டுத் தமிழ் ஈய எழுத்துக்கு வந்தபின், புள்ளி காலப்போக்கில் நிலைபெற்றது. இன்றைய வாசகர் அந்தப் புள்ளியை நம்பியே வாசிக்கிறார். ஆகவே பழைமை காட்டுவதற்காகப் புள்ளியைத் தேய்ப்பது, அச்சின் பழைமையையும் தாண்டி ஓலைக்கே போய்விடுவதாகும்.

வீங்கிய வகையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஈகாரத்தின் உச்சியிலுள்ள சின்னச் சுழி மையால் அடைபட்டால் 'மீன்' என்பது 'மின்' ஆகிவிடும். மீன்சந்தைப் பலகை மின்சார அறிவித்தலாகும். இரட்டைச் சுழிக் கொம்பு அடைபட்டால் நெடில் குறிலாகும். ணகரமும் னகரமும் சுழி எண்ணிக்கையால் மட்டுமே வேறுபடுகின்றன. சுருங்கச் சொன்னால், தேய்ந்த வகை புள்ளியைத் தின்னும். வீங்கிய வகை சுழியை அடைக்கும். எந்த வகையை எடுத்திருக்கிறீர்களோ அதற்குரிய உறுப்பைக் காவல் காக்க வேண்டும்.

இனிச் செய்முறை. ஆயத்தச் சொரசொரப்புப் படங்களை விடுத்து, நான் இப்போது றப்பர் முத்திரையைப் பயன்படுத்துகிறேன். தலைப்புச் சொல்லைத் தெரிவுசெய்த தமிழ் எழுத்துருவில் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உயரத்தில் அமைத்து, முத்திரை செய்பவரிடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளுங்கள். சற்று முரடான தாளில், மையைக் கூட்டியும் குறைத்தும், பத்துப் பன்னிரண்டு முறை குத்துங்கள். புதிதாக மை ஒற்றியவுடன் குத்துவது வீங்கி வரும்; மை ஒற்றாமல் மூன்றாம் முறை குத்துவது தேய்ந்து வரும். எல்லாவற்றையும் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சாம்பல் நிறங்களை நீக்கிக் கறுப்பும் வெள்ளையுமாக்கியபின், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் டிரேஸ் பிட்மேப் வசதியால் அதைக் கோட்டுருவாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் வடிவமாக, மாற்றுங்கள். மாற்றும்போது சிறு துகள்களை நீக்கும் தெரிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பத்துப் பதிவுகள் எடுப்பதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. கணினி எழுத்துருவில் ஒரே எழுத்து வரும் இடமெல்லாம் அதே கீறல் அதே இடத்தில் வரும். உண்மையான அச்சுக்கோப்பில் ஒவ்வொரு எழுத்தும் தனி ஈயத்துண்டு என்பதால் அப்படி வராது. நல்ல ஆங்கில எழுத்துருக்கள் இதற்கு மாற்று வடிவங்களை வைத்திருக்கின்றன; அடுத்தடுத்து வரும் அதே எழுத்துகளுக்கு அவை தானாகவே மாறிக்கொள்ளும். தமிழில் இந்தப் போலித்தனம் இன்னும் விரைவாக அகப்படும். அப்பம், தட்டு, கொத்து, பாக்கு என்று நம் சொற்களில் இரட்டித்த மெய் மலிந்து கிடக்கிறது. 'ப்ப' என்ற இரண்டிலும் ஒரே கீறல் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் சிறுபிள்ளையும் கண்டுபிடித்துவிடும். வெவ்வேறு பதிவுகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

கோட்டுருவானபின் கையால் செய்ய வேண்டியவை சில உள்ளன. எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள்: விளிம்பு சற்று ஒழுங்கற்றதாக, உள்ளே ஓட்டை இல்லாததாக, விட்டம் தடித்த கோட்டின் அகலத்துக்குக் குறையாததாக. எழுத்துக்கு வெளியே, குறிப்பாகத் தலைக்கு மேலுள்ள வெளியில், ஒரு கறுப்புத் துகளும் இருக்கக் கூடாது. சொரசொரப்பு முழுவதும் கோட்டுக்கு உள்ளே வெள்ளைக் குழிகளாக மட்டும் இருக்கட்டும். சுழிகளின் உள் வெளியை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். ஆங்கில வரியில் மிகப் பெரிய குழி எவ்வளவோ, தமிழ் வரியிலும் அதே அளவைத் தாண்டாமல் இருந்தால் இரண்டும் ஒரே அச்சுப்பொறியில் வந்தவை போலிருக்கும்.

சிங்களமும் சேர்ந்த மும்மொழிப் பலகையாக இருந்தால், அந்த மொழியை நாள்தோறும் வாசிப்பவர் ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அங்கும் எழுத்தை ஒட்டிய சிறு குறிகளே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கின்றன.

இந்த இடத்தில் ஓர் உபரி யோசனை. தும்பிக்கை போல் வளைந்த ஐகாரத்தோடு எழுதப்பட்ட பழைய லை, ளை, ணை, னை வடிவங்களும் பழைய ணா, றா, னா வடிவங்களும் தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு அச்சிலிருந்து விலகத் தொடங்கின. 'மலை' என்பதன் கடைசி எழுத்தை அந்தப் பழைய வடிவில் வரைந்து வைத்தால், ஒரு கீறலும் இல்லாமலே பலகைக்கு ஐம்பது வயது கூடிவிடும். முதியவர்கள் தடங்கலின்றி வாசிப்பார்கள். இளையவர்களும் ஒரு கணம் யோசித்து வாசித்துவிடுவார்கள். தலைப்பில் ஒருமுறை செய்யலாம். பத்தியில் செய்யக் கூடாது.

ஐந்தாம் படி: பக்கத்தில் அமர்த்தல்

சொரசொரப்பு எழுத்தைத் தலைப்புக்கும், மிஞ்சிப்போனால் ஒரு துணைத் தலைப்புக்கும் மட்டும் வையுங்கள். எழுத்திடை வெளியை ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குச் சற்றுக் கூட்டலாம். தமிழுக்குக் கூட்டினால் கொம்பும் காலும் தம் எழுத்திலிருந்து விலகித் தெரியும் என்பதால் தொடாமல் விடுவதே நல்லது. பின்னணி மண்ணிறத் தாளாகவோ மரமாகவோ இருந்தால் எழுத்தின் சொரசொரப்பைப் பாதியாகக் குறையுங்கள். முழுக் கறுப்புக்குப் பதிலாக அடர்ந்த பழுப்பு அல்லது மைநீலம் பழைய மையை நினைவூட்டும்.

ஆறாம் படி: அச்சுமுறைக்கேற்பக் கோப்பைத் தயாரித்தல்

ஃபிளெக்ஸ் பதாகைக்குப் பெரும்பாலும் எல்லாம் ஒத்துவரும்; தூரத்திலிருந்து பார்க்கப்படுவதால் நுண்குழிகள் காணாமற்போய் எழுத்து வெறுமனே வெளிறித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் குழிகளைப் பெரிதாக்குங்கள்.

வினைல் ஸ்டிக்கரை வெட்டும் பிளாட்டருக்கு இவ்வகை எழுத்து எதிரி. ஒவ்வொரு குழியின் விளிம்பையும் கத்தி சுற்றிவர வேண்டும். தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும்போது சிறு துண்டுகள் எழுத்தோடு சேர்ந்து உரிந்துவரும். முச்சக்கரவண்டியின் கண்ணாடிக்கோ கடைக் கதவுக்கோ வினைல் என்றால், விளிம்பின் ஒழுங்கின்மையை மட்டும் வைத்துக்கொண்டு உட்குழிகளை முற்றாக அடைத்துவிடுங்கள். கோட்டுருவின் கணுக்களையும் எளிமையாக்கிக் கொடுத்தால் வெட்டுபவர் உங்களைச் சபிக்க மாட்டார்.

துணிப்பையில் ஸ்கிரீன் அச்சு இடும்போது மை நூலில் பரவித் தானே வீங்கும். அதற்கு வீங்கிய வகை எழுத்தைக் கொடுத்தால் சுழிகள் அடைபடும். இலேசாகத் தேய்ந்த வகையே பொருத்தம். எந்த முறையானாலும் முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரியை உண்மையான அளவில் எடுத்து, கையெட்டும் தூரத்துக்கு அப்பால் பிடித்து, வாசகத்தை முன்பே அறியாத ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாமே வாசித்தால், இல்லாத புள்ளியையும் கண் இட்டு நிரப்பிக்கொள்ளும்.

இணையத்தில் அந்தத் தலைப்பைக் கோட்டுருப் படமாக ஏற்றினால் போதும். ஆயினும் அதன் மாற்று உரையில் சொல்லை யூனிகோடுத் தமிழில் எழுதத் தவறாதீர்கள்.

ஏழாம் படி: உரிமம்

ஐ.எம். ஃபெல், நோட்டோ இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. விற்பனைப் பொருளின் லேபலிலும் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம், எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் பழைமை எழுத்துருக்கள் பலவற்றில் 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரி உடன்வரும் உரைக்கோப்பில் ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பிறந்தநாள் அழைப்பிதழுக்கு அது போதும். விலை போட்டு விற்கும் தயிர்ச் சட்டிக்குப் போதாது. விலை கொடுத்து வாங்கியதிலும் கணினிப் பயன்பாடு, இணையப் பயன்பாடு என்று தனித்தனி உரிமங்கள் உண்டு.

இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள்: அச்சகத்துக்குக் கொடுக்க, எல்லா எழுத்தையும் கோட்டுருவாக்கிய பிடிஎஃப் ஒன்று; உங்கள் கணினியில் இருக்க, திருத்தக்கூடிய மூலக்கோப்பு ஒன்று. பிடிஎஃப்பை அனுப்புவதற்கு முன், வாசகத்தில் எத்தனை மெய்யெழுத்து இருக்கிறதென்று மூலத்தில் எண்ணி, அதே எண்ணிக்கையில் புள்ளிகள் திரையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். மறு அச்சுக்குப் போன தயிர் லேபலில் முன்பக்கத்துக்கு ஏழு புள்ளிகள் வேண்டும். அந்த எண்ணை லேபலின் மூலக்கோப்பின் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன்.